வெள்ளிக்கிழமை மூன்று மணி செமினார்

1

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமாள்மலையிலிருந்து என் தங்கை ஜெபா போன் செய்தாள். கோயில் முடிந்து இன்னும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை என்பது பின்னால் கேட்ட பஸ் ஹாரனில் தெரிந்தது.

"ஏக்கா, இன்னைக்கு ஐயரு பிரசங்கத்துல ஒன்னயப் பத்தித்தான் சொன்னாரு."

"என்னையப் பத்தியா? என்னத்த?"

"பேரு சொல்லல. நம்ம மலையில இருந்து லண்டன் போன ஒரு சகோதரின்னாரு. மக வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வரமுடியாமக் கெடந்தப்ப, கர்த்தரு அந்த யுனிவர்சிட்டி டைம்டேபிளையே மாத்திக் குடுத்தாருன்னாரு. சபையே அல்லேலூயா சொல்லுச்சுக்கா. எனக்கு அழுகையே வந்துருச்சு."

நான் இருப்பது லண்டன் இல்லை. அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே. வந்து பதினேழு வருடமாகிறது. ஊருக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு ஊருக்கும் அலுத்துவிட்டது. ஆனால் அன்றைக்குத் திருத்த வேண்டியது ஊர்ப்பெயர் அல்ல. அந்த டைம்டேபிளை மாற்றியது கர்த்தர் இல்லை. நான்தான் மாற்றினேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வலதுகை விரலால் மாற்றினேன்.

"சோலி கெடக்குடி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு சோலியும் இல்லை.

நம் சபையில் இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்த அல்லேலூயாவில் சேர்ந்து குரல் கொடுத்திருப்பீர்கள். பாஸ்டர் ஐயரும் இதைப் படிப்பார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, கேள்விப்பட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய இரண்டு பேரிடம் நேரில் போய்ச் சொன்னேன். இங்குள்ள தமிழ் ஜெபக்கூட்டத்திலும் போன வாரம் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நான் சொல்லி முடித்ததும், பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் "ஸ்தோத்திரம்" என்றது. பாக்கி நீங்கள்தான்.

2

என் மகள் பெனிட்டாவுக்குப் பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடக்கிறது. சைக்காலஜி படிக்கிறாள். "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று ஊரில் கேட்டவர்களுக்கு ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். அவள் படிக்கும் ஊர் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கேயே தங்கிப் படிக்கிறாள்.

நான் நர்சிங் படித்த காலத்தில் டைம்டேபிள் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைத்த ஒரு தாள். நாற்பது பேருக்கும் ஒன்றுதான். முண்டியடித்துக்கொண்டு அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வோம். இங்கே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனி டைம்டேபிள். கணக்கைத் திறந்து உள்ளே போனால் அந்த ஒரு பிள்ளையின் வாரம் மட்டும் கட்டம் கட்டமாக நிற்கும். எல்லாரும் சேர்ந்து உட்காரும் பெரிய வகுப்புக்கு நீலம். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் செமினாருக்குப் பச்சை. எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த அறை என்று எல்லாம் அதில் இருக்கும். அறை மாறினால் அதுவே மாற்றிக் காட்டும்.

"இதை நான் எப்படிப் பாக்குறது?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கும்மா?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் போனை வாங்கி, ஒரு லிங்க்கைப் போட்டு, அவளுடைய டைம்டேபிள் என் கேலண்டரிலும் தெரிகிறமாதிரி செய்துகொடுத்தாள். அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் வார்டில் நர்ஸ். பத்து மணி டீ இடைவேளையில் மற்றவர்கள் வானிலை பார்ப்பார்கள். நான் மகளைப் பார்ப்பேன். இப்போது நீலத்தில் இருக்கிறாள். பன்னிரண்டு வரை நீலம். பிறகு ஒன்றுமில்லை, சாப்பிடுவாள். உடனே ஒரு மெசேஜ்: சாப்பிட்டியா? மழை வருது, குடை இருக்கா? இன்னைக்கு ரூம் மாறியிருக்கு, பாத்தியா? முதலில் வார்த்தையில் பதில் வந்தது. பிறகு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கப்புறம் படித்துவிட்டாள் என்பதற்கான நீல டிக் மட்டும்தான்.

"அவ படிக்கிறாளா, நீ படிக்கிறியா?" என்று என் கணவர் ஜெயசீலன் ஒருநாள் கேட்டார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படி ஒன்று விழும்.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் யாராவது ஒருவர் எல்லாருடைய படிவத்தையும் நிரப்புவார். ரேஷன் கார்டானாலும் பேங்க் படிவமானாலும் ஸ்கூல் அட்மிஷனானாலும் ஒரே கையெழுத்து, ஒரே போன் நம்பர். எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது. அம்மாவுக்கு நான், ஜெபாவுக்கு நான், கல்யாணமான நாளிலிருந்து ஜெயசீலனுக்கும் நான். பெனிட்டாவின் யுனிவர்சிட்டி விண்ணப்பத்தையும் எங்கள் பழைய லேப்டாப்பில் நான்தான் நிரப்பினேன். அவள் கணக்கை நான்தான் திறந்தேன். அந்த லேப்டாப்பில் அது மூடப்படாமலே கிடந்தது. மூட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளை என்றாலும் அந்த விஷயத்தில் அவள் பெருமாள்மலைப் பிள்ளையாகத்தான் இருந்தாள்.

3

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒரே மூச்சில் போகட்டும்.

பெருமாள்மலை முக்கில் என் அம்மா பழக்கடை வைத்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிளம்ஸ், பேரிக்காய், பட்டர்ஃப்ரூட். கொடைக்கானலுக்குப் போகிற வண்டியெல்லாம் அங்கே நிற்கும். சீசனில் அம்மா ஒரு ஆளாக நின்று எடை போட முடியாது. மதுரையில் நான் நர்சிங் படித்தபோது, சனிக்கிழமை மதியம் கிளம்பி வந்தால் ஞாயிறு முழுக்கக் கடையில் நிற்கலாம். நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. என் ஹாஸ்டல் தோழிகள் டூர் வருகிற மலை அது. காரின் கண்ணாடி இறங்கி, உள்ளே தெரிந்த முகம் இருந்து, நான் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அது பார்த்துவிடுமோ என்று பயந்து செத்தேன்.

அம்மா டைம்டேபிளைக் கேட்டு எழுதியிருந்தது, எந்த பஸ்ஸுக்கு எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொள்ள. கண்ணாடிப் பெட்டியிலிருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன். சனிக்கிழமைக்கு வந்ததும், காலியாக இருந்த இடத்தில் "வார்டு டூட்டி, மாலை ஆறு வரை" என்று எழுதி அனுப்பினேன்.

அம்மா அதைத் தராசுக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் "மக சனிக்கிழமையும் வேல பாத்துக்கிட்டே படிக்குது" என்று சொல்லுமாம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோழிகள் வேன் பிடித்துக் கொடைக்கானல் கிளம்பினார்கள். மறுக்க முடியாமல் நானும் ஏறினேன். டிரைவர் சரியாக எங்கள் கடை முன்னால் நிறுத்தினார்.

அம்மா என்னைப் பார்த்தது. பின்னால் திரும்பி ஆணியிலிருந்த தாளைப் பார்த்தது. "இன்னைக்கு டூட்டி இல்லையாம்மா?" என்று கேட்டது.

"மாத்திட்டாங்கம்மா" என்றேன்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. வெரசா போயிட்டு வாங்க, இருட்டுறதுக்குள்ள எறங்கிருங்க" என்று எல்லார் கையிலும் ஒரு பை பிளம்ஸைத் திணித்தது. வேன் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா பேனாவை எடுத்து, அந்தத் தாளில் சனிக்கிழமைக் கட்டத்தில் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தது. அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அது பொய் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை.

4

இங்கே நாங்கள் இருக்கும் ஊரில் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில் ஜெபக்கூட்டம். பதினோரு வயதிலிருந்து பெனிட்டாதான் கீபோர்டு வாசிப்பாள். அவள் படிக்கப் போனதும் கீபோர்டு துணி மூடிக் கிடந்தது. எல்லாரும் வெறும் கையைத் தட்டிப் பாடினோம்.

"பெனிட்டா இந்த வாரமும் வரலையாக்கா? அங்க ஏதாவது கூட்டத்துக்காவது போறாளா?" என்று கேட்பார்கள். அதில் அக்கறை பாதி, பரிதாபம் பாதி. நானும் மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றி இதே குரலில் கேட்டவள்தான், அதனால் அந்தப் பரிதாபத்தின் ருசி எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை அவளுக்கு ஒரு செமினார். அந்தப் பச்சைக் கட்டம் முடிந்து ரயிலேறினால் வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிடும். "கேட்டு வேற குரூப் மாத்திக்கோயேன்" என்றேன். "எனக்கு இந்த குரூப்தான்மா பிடிச்சிருக்கு. டீச்சர் சூப்பர். ஃப்ரெண்ட்ஸும் இருக்காங்க" என்றாள்.

அடுத்த வெள்ளி கூட்டம் எங்கள் வீட்டில் என்று முறை வந்தது. நான் யுனிவர்சிட்டி அலுவலகத்துக்கே போன் போட்டேன். பதினான்கு நிமிடம் இசை கேட்க வைத்தார்கள். பிறகு வந்த பெண், மிகவும் மரியாதையாக, மாணவரைப் பற்றி மாணவரிடம் மட்டும்தான் பேச முடியும் என்றாள்.

"நான் அவளோட அம்மா" என்றேன்.

"புரிகிறது. ஆனால் உங்கள் மகள் வயது வந்தவர்."

நம் ஊரில் காலேஜுக்குப் போன் போட்டால் பிரின்சிபாலே லைனுக்கு வந்து, பிள்ளை நேற்று மதியம் எங்கே இருந்தாள் என்பதுவரை சொல்லுவார். இங்கே பெற்றவளுக்கு இசைதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனை வைத்துவிட்டு நேரே போய்ப் பழைய லேப்டாப்பைத் திறந்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை, எனக்கு விடுமுறை. வகுப்புகள் தொடங்கி முதல் மூன்று வாரம், இடம் இருந்தால் மாணவர்களே தங்கள் செமினார் குரூப்பை மாற்றிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைப் பச்சையைத் தொட்டதும் வேறு குரூப்புகளின் பட்டியல் வந்தது. செவ்வாய் காலை ஒன்பது மணிக் குரூப்பில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அவளைக் கேட்கலாம் என்றால், பன்னிரண்டு வரை நீலத்தில் இருக்கிறாள் என்று என் போன் சொன்னது. அதற்குள் இடம் போய்விட்டால் என்ன செய்வது? எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான். உண்மையில், கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்பதையும் அழுத்தினேன். பச்சைக் கட்டம் வெள்ளியிலிருந்து எழுந்து செவ்வாயில் போய் உட்கார்ந்தது.

உடனே அவள் மெயிலுக்கு உறுதிக் கடிதம் வந்தது. அந்த மெயிலும் அதே லேப்டாப்பில் திறந்திருந்தது. அதை அழித்தேன். பிறகு குப்பைக்கூடைக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். மாற்றியதைக்கூடத் தாய்ப்பாசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். மெயிலை இரண்டு இடத்தில் தேடி அழித்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

5

அன்று மாலையே கூப்பிட்டாள்.

"அம்மா, சம்திங் வியர்ட். என் ஃப்ரைடே செமினார் ட்யூஸ்டேக்குப் போயிடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல."

"அங்க மாத்தியிருப்பாங்க" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. "சரி, அப்ப நாளைக்கு வெள்ளனே கெளம்பி வந்துரு. நம்ம வீட்டுலதான் கூட்டம்."

"ம்" என்றாள்.

வந்தாள், வாசித்தாள். வீடு நிறைந்திருந்தது. கேசரி அன்றைக்கு எனக்கு நன்றாக அமைந்தது. பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். விசா வந்தது, காணாமல் போன வளையல் கிடைத்தது, முதுகுவலி விட்டது என்று சொல்வார்கள். நான் பெரும்பாலும் எழுந்ததில்லை. அன்றைக்கு என்ன வந்ததோ, கேசரிக் கரண்டியோடு எழுந்துவிட்டேன்.

"எம் புள்ள வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வரமுடியலேன்னு நான் கண்ணீரோட ஜெபிச்சேங்க. நேத்து ஆண்டவரு அந்த யுனிவர்சிட்டி டைம்டேபிளையே மாத்திக் குடுத்துட்டாருங்க."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பெனிட்டா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்தாள். அவள் அதை நம்பினாள் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற பிள்ளை, அம்மா சொன்னதால் நம்பியிருக்கிறாள்.

வரமுடியாதவர்கள் கேட்பதற்காகக் கூட்டத்தை யாராவது எப்போதும் போனில் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவு ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்குப் போய், மாதக்கணக்கில் சுற்றி, மலையேறி ஐயரின் காதுக்குப் போயிருக்கிறது. இதற்கு நடுவே எங்கள் கூட்டத்திலேயே ஒரு அம்மா, "ஸ்டெல்லா அக்கா மகளுக்கு மாத்தின மாதிரி எம் பையனுக்கும் திங்கக்கிழமை காலை வகுப்பை மாத்தித் தாரும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

6

பெனிட்டாவோடு ஒரே ஃப்ளாட்டில் எல்லி என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருந்தாள். அதே படிப்பு. தலைமுடி ஊதா, கையில் ஒரு மீன் பச்சை குத்தியிருப்பாள். என்னைப் பார்த்த முதல் நாளே "ஹாய் ஸ்டெல்லா" என்றாள். இங்கே பிள்ளைகள் பெரியவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் காது இன்னும் பழகவில்லை. அவளை எனக்குப் பிடிக்கவில்லை. பெனிட்டாவுக்கு அவளை உயிர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே சட்டியில் சமைப்பார்கள். நான் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் போட்ட குழம்பை எல்லி மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுகச் சாப்பிட்டாள் என்று பெனிட்டா சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள்.

கூட்டம் முடிந்த திங்கட்கிழமை, ஆண்டவர் செய்தது என்று நம்பினாலும் தோழிகளை விட மனமில்லாமல், பெனிட்டா பழைய குரூப்புக்கே திரும்பக் கேட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். படிவம் நிரப்பு என்றார்கள். நிரப்பினாள். ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தக் குரூப்பில் இப்போது இடமில்லை. மேலும், மாற்றம் உங்கள் கணக்கிலிருந்தே, வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குச் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் செய்யவில்லை என்றால் உங்கள் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று யோசிக்கவும்.

அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, அப்ப நான் லெக்சர்ல இருந்தேன். லேப்டாப் கிச்சன்ல இருந்துச்சு."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரு சொல் போதும். நான் கேட்டது இது:

"அப்ப வீட்ல யாரு இருந்தா?"

"எல்லி மட்டும்தான். அவளுக்குக் காய்ச்சல்." சட்டென்று நிறுத்தினாள். "அம்மா, எல்லி அந்த ஃப்ரைடே குரூப்புக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தா. என் இடம்தான் அவளுக்குக் கிடைச்சிருக்கு."

"அந்தப் புள்ளயா இருக்குமோ?" என்றேன். எல்லியின் மேல் பழியை முதலில் வாய்விட்டுச் சொன்னது நான்தான்.

எல்லி இல்லவே இல்லை என்றிருக்கிறாள். கத்தியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். கடைசியில், இடத்தை வேண்டுமானால் விட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள். விட்டுத் தருகிறேன் என்றதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள் என் மகள். பத்து நாளில் எல்லி மேல்மாடிக்கு அறை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பொதுவாக இருந்த தோழிகளும் எல்லி பக்கம் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெனிட்டா தவறாமல் வீட்டுக்கு வந்தாள். கீபோர்டு வாசித்தாள். "எவ்வளவு நல்ல பிள்ளை" என்றார்கள். கூட்டம் முடிந்ததும் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சனி, ஞாயிறு எந்தப் போனும் வராது, யாருக்கும் போன் செய்யமாட்டாள். அங்கே அவளுக்குப் போக்கிடம் இல்லாததால் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு மாதம் அவளுக்குப் பிடித்த மீன்குழம்பை வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் போனில் நீலமும் பச்சையும் ஒழுங்காகத்தான் இருந்தன. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது காட்டாது.

7

ஜெபா போன் செய்த அன்று இரவுச் சாப்பாட்டில் ஜெயசீலனிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை ஒனக்கு லீவுதானே? போயிட்டு வா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய் பதினொரு மணிக்கு அவள் செமினார் முடியும். எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று எனக்கு மனப்பாடம். மழையில் நின்றேன். பிள்ளைகள் இரண்டு பேராக, மூன்று பேராக வந்தார்கள். பெனிட்டா கடைசியாக, தனியாக வந்தாள்.

"அம்மா? அப்பாக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"போன்ல சொல்லக்கூடாதா?"

"போன்னா பாதியில வச்சுருவேன்."

படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "ஒன் செமினார மாத்துனது நாந்தான் பாப்பா."

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பழைய லேப்டாப்பா?"

"ஆமா."

"மெயில் வந்திருக்குமே."

"அழிச்சுட்டேன்."

"ட்ராஷ்லயும் தேடினேனே."

"அதுலயும் அழிச்சுட்டேன்."

"நான் எல்லின்னு சொல்லி அழுதப்போ, ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எல்லா ஆன்ட்டிக்கும் முன்னாடி காட் பண்ணாருன்னு சொன்னியே. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது: உனக்காகத்தான், நல்லதுக்குத்தான். அவள் கையை நீட்டி, "போன் குடு" என்றாள். கொடுத்தேன். அந்த லிங்க்கை எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"எங்கிட்ட சொன்னா போதாது. எல்லிகிட்ட நீ சொல்லணும்" என்றாள்.

மேல்மாடிச் சமையலறையில் எல்லி ஒரு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் மனிதர்களிடம், உங்கள் தகப்பனார் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்கிறவள் நான். அங்கே எனக்கு ஆங்கிலம் வரவில்லை. நடுநடுவே தமிழ் வந்தது. பெனிட்டா உதவிக்கு வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

எல்லி கையைத் துண்டில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். அவள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க மேல எனக்கு அவ்வளவு கோபம் வரல, ஸ்டெல்லா. எங்கம்மாவும் என் டைரியை எடுத்துப் படிச்சவங்கதான்." பிறகு பெனிட்டா பக்கம் திரும்பினாள். "ஆனா நீ என்கூட ஒரே சட்டியில சாப்பிட்டே. நீ எப்படி நம்பினே?"

பெனிட்டா சாரி என்றாள். எல்லி தலையை ஆட்டினாள். ஒரு மணிக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிண்ணம் பாதி கழுவியபடி கிடந்தது. என் தப்பை நான் ஒப்புக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும் என்று ரயிலில் வரும்போது நினைத்திருந்தேன். நான் ஒப்புக்கொண்டதில் என் தப்பு மட்டும்தான் அடங்கியது. என் மகளுடைய தப்பு, நான் அவள் கையில் கொடுத்தது, அவளிடமே தங்கிவிட்டது.

ஸ்டேஷன்வரை கூட வந்தாள். என் குடைக்குள் வரவில்லை, தனியாக நனைந்துகொண்டே வந்தாள். பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. சும்மா நிற்க முடியாமல் என் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வர்றியா பாப்பா?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னதிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"வந்துருன்னுதான் எப்பவும் சொல்லுவே" என்றாள். "வர்றியான்னு இப்பதான் கேக்கறே."

ரயில் வந்து நின்று கதவு திறந்தது.

"வரலம்மா" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.